கடைசிப் பாட்டுக்கு அப்புறம்

மணி ஏழு இருபது. சாயங்காலம்தான்... ஆனா மழை நாளு, ஏழு மணிக்கே மை இருட்டு. ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் மூடிப்போன டயர் கம்பெனியோட மதில். நடுவுல விளக்கே இல்லாம ரெண்டு மைல். எதிர்ல வண்டி கிடையாது. பின்னாடியும் கிடையாது.

கார்ல ஒரே ஒரு ஆள். ஓட்டறவர் மட்டும்.

அப்போ... டிங். டிங். டிங்.

இப்போ வர்ற வண்டியில எல்லாம் இருக்கே, முன் சீட்டுல யாராவது பெல்ட் போடாம உக்காந்தா மணி அடிக்குமே... அந்தச் சத்தம். சீட்டுல ஆள் கனம் இருந்தாத்தான் அடிக்கும். பக்கத்துச் சீட்டுல ஒரு துணிப்பை கூட இல்லை.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். கத்தலை, இறங்கி ஓடலை. எட்டி, அந்தக் காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். கிளிக். மணி நின்னுச்சு. ஆனா பெல்ட் தொளதொளன்னு தொங்கலை... ஒரு ஆளு நெஞ்சு மேல கிடந்தா எப்படி இருக்கும், அப்படிக் கொஞ்சம் மேடா நின்னுச்சு.

அதைப் பாத்தும் அவர் வண்டியை எடுத்தார்.

கிட்ட வந்து உக்காருங்க. கரண்ட் வர்ற வரைக்கும் இந்த ஒரு மெழுகுவத்தி போதும். மாப்ள, நீ அந்தப் பிளேயர் பக்கத்துலேர்ந்து இங்க தள்ளி வா. தட்டு அதுமேலயே இருக்கட்டும், தொடாதே. நான் வந்ததும் வராததுமா என்னைத் திட்டினே பாரு, 'கதவை ஏன்டா இப்படி அறைஞ்சு சாத்தறே, ஊசி குதிக்குது'ன்னு... சரி, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இது என் கூட வேலை பாக்கறவனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பாதி அவன் சொன்னது, பாதி அவரே சொன்னது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸைத் தேய்ச்சு பிரேம்ல பொருத்தறவர். மயிரிழை கோணினாலும் திரும்ப முதல்லேர்ந்து தேய்ப்பார். அவருக்குப் பட்டப்பேரு தூசி. வீட்டுக்கு வர்ற ஆளோட முகத்தைப் பாக்க மாட்டார், காலர்ல தூசி இருக்கான்னுதான் பாப்பார். அப்படி ஒரு சுத்தம்.

மாப்ள மாதிரியே அவருக்கும் இந்தத் தட்டுப் பைத்தியம்தான். அறுபதுகள்ல கிட்டாரும் டிரம்முமா நாலு நாலு பேராச் சேர்ந்து பாடினாங்களே, அந்தக் குழுக்களோட எல்.பி. தட்டுங்க. நானூத்துச் சொச்சம் வெச்சிருந்தார். ஆனா ஒண்ணு கூடப் பழசு கிடையாது. எல்லாம் மறுபதிப்பு. இப்போ புதுசா அச்சடிச்சு, மேல மெல்லிசாக் கண்ணாடித்தாள் ஒட்டி வருதே, அது மட்டும்தான் வாங்குவார். அசல் தட்டு சேக்கறவங்க இவரைப் பாத்துச் சிரிப்பாங்க. அதுக்கு இவர், "எவனோ தின்னுட்டு வெச்ச தட்டுல நான் ஏன்யா சாப்பிடணும்?"னு கேப்பார். பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

கையுறை போட்டுத்தான் தட்டை எடுப்பார். பூனை முடி மாதிரி மெல்லிசா ஒரு பிரஷ், அதால சுத்திச் சுத்தித் துடைப்பார். அவர் சம்சாரம், அதாவது என் நண்பனோட அக்கா, பாத்துட்டுச் சொல்வாங்களாம்: "பெத்த பிள்ளையைக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டினதில்லைங்க." மறுபதிப்புல ஏதாவது சத்தம் இருந்தா கம்பெனிக்குக் கடிதம் போயிடும். 'மூணாவது பாட்டு, ரெண்டாவது நிமிஷம், பின்னால யாரோ நாற்காலி நகர்த்தறாங்க. இது நியாயமா?' இப்படி.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு தட்டோட பின் உறையில, கீழ, பொடி எழுத்துல... 'மறுபதிப்பு செய்தவர்'னு தன் பேர் வரணும். ஆசை யாரை விட்டது.

ஒருநாள் கடைக்கு ஒரு வயசான அம்மா வந்தாங்க. எண்பது இருக்கும். தந்தி ஆபீஸ்ல வேலை பாத்து ஓய்வானவங்க. கிட்டத்துல பாக்கறதுக்குக் கண்ணாடி வேணும்னாங்க.

"எதைப் பாக்கறதுக்கும்மா? படிக்கவா, தைக்கவா?"

"தட்டுல ஊசி வைக்கற இடம் தெரிய மாட்டேங்குது தம்பி. ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சுடறேன்."

தூசிக்குக் காது நிமிந்துடுச்சு. என்ன தட்டு, யார் பாடினதுன்னு கேட்டார். அந்தம்மா ஒரு குழுப் பேரைச் சொன்னாங்க. நாலு பசங்க, ஒரே ஒரு தட்டு, அறுபத்தேழுல வந்தது. அந்தத் தட்டை இவர் புத்தகத்துல பேராத்தான் பாத்திருக்கார். டேப் எரிஞ்சு போச்சு, அசல் எவன்கிட்டயும் இல்லை, அதனால மறுபதிப்பே வர முடியாதுன்னு எல்லாரும் கைவிட்ட தட்டு. "பாடினது என் கூடப் பொறந்தவன்"னாங்க அந்தம்மா. "வீட்டுல எல்லாரும் சின்னவன்னு கூப்பிடுவோம்."

கண்ணாடி ரெடியானதும் இவரே வீட்டுக்குக் கொண்டு போனார். ஏரிக்கரை ரோடு முடியற இடத்துல தனி வீடு. ஒரே ஒரு நாற்காலி, அதுவும் வாசக்கதவைப் பாத்துப் போட்டிருந்தது. பக்கத்துல பிளேயர். தட்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். பாட்டு இருக்கற இடமெல்லாம் புத்தம்புதுசு, கருப்பா மினுமினுன்னு இருக்கு. ரெண்டாம் பக்கத்துல, கடைசிப் பாட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் இருக்கற கொஞ்சூண்டு இடம் மட்டும்... தேஞ்சு, வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி.

"நான் பாட்டெல்லாம் கேக்கறதில்லை தம்பி. இதை மட்டும்தான்."

அந்தம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு, சரியா அந்தச் சாம்பல் இடத்துல ஊசியை வெச்சாங்க. கரகரன்னு ஒரே இரைச்சல். அதுக்குள்ளேர்ந்து...

டொக்... சரக். டொக்... சரக்.

மரத்தரையில ஒரு ஆள் ஷூ போட்டு நடக்கறான். ஒரு கால் லேசா இழுக்குது. பதினோரு அடி. அப்புறம் ஒரு கதவு. கிரீச்... டப். அவ்வளவுதான், தட்டு முடிஞ்சுது.

"அன்னிக்குப் பாடி முடிச்சதும் மத்த மூணு பேரும் அங்கேயே உக்காந்துட்டாங்க. 'அக்கா கதவைத் தாழ் போடாம உக்காந்திருக்கும், நான் போறேன்'னு இவன் மட்டும் கிளம்பிட்டான். யாரோ டேப்பை நிறுத்த மறந்துட்டாங்க. பஸ் போயிடுச்சு. மழை. ஏரிக்கரை வழியா நடந்தே வந்திருக்கான்... பின்னாடி வந்த லாரிக்காரனுக்கு இவன் தெரியலை." வாசலைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க: "தினம் ஏழு மணிக்கு இதைக் கேப்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் கதவைத் தாழ் போடாம வெச்சிருப்பேன். பைத்தியக்காரின்னுதான் நினைப்பீங்க."

 அதைக் கேட்டும் தூசி விடலை, தயங்கித் தயங்கி மறுபதிப்புப் பேச்சை எடுத்தார். அந்தம்மா கேட்ட உடனே சரின்னுட்டாங்க. அவங்களுக்கு அதுல ஒரு கணக்கு. பழைய தட்டு தேஞ்சு போச்சு, இன்னும் ஒரு வருஷம் தாங்கினா அதிகம். புதுசு வந்தா நடையும் புதுசா வரும், தான் இருக்கற வரைக்கும் வரும். "எனக்குப் பணம் காசு வேண்டாம் தம்பி. அவன் நடையும் அந்தக் கதவும் புதுத் தட்டுல இருக்கணும். அதை மட்டும் விட்டுடாதீங்க."

"சத்தியமா விட மாட்டேன்மா"ன்னார். தட்டைப் போர்வையில சுத்தி, கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வந்தார்.

சவுண்ட் ரூம்ல உக்காந்து தட்டை ஓட விட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. பாட்டெல்லாம் கண்ணாடி மாதிரி வந்துது. சவுண்ட் பாக்கறவர் எழுந்து நின்னே கை தட்டினாராம். கடைசியில அந்த நடை வந்தப்போ மூஞ்சி சுருங்கிடுச்சு. "இது என்ன சார், மண்ணை வாரிப் போட்ட மாதிரி இருக்கு? வாங்கறவன் கோளாறுன்னு திருப்பி அனுப்பிடுவான்."

தூசி யோசிச்சார். யார் திருப்பி அனுப்புவாங்க, எப்படிக் கடிதம் எழுதுவாங்கன்னு அவரை விட வேற யாருக்குத் தெரியும்? நாற்காலி நகர்ந்ததுக்கே எழுதின மனுஷன். தன் பேர் போட்டு வர்ற முதல் தட்டு. அதுல இவ்வளவு அழுக்கா?

"வெட்டிடுங்க"ன்னார்.

"அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்தேன்னீங்களே சார்?"

"அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு தட்டு நடையோட போட்டுக் குடுத்துடலாம். அவங்ககிட்டதான் பழசும் இருக்கே... இதுல அவங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போவுது?"

சவுண்ட்காரர் ஒரு பட்டனைத் தட்டினார். பதினோரு அடியும் கதவும் போச்சு. அந்த நிமிஷம் ரூம்ல ஒரு வாடை... நனைஞ்ச கம்பளிக் கோட்டு, கூடவே தலைக்குத் தடவற கிரீம் வாசனை. ரெண்டு பேரும் மோந்து பாத்தாங்க. ஏ.சி.ல தண்ணி ஒழுகுது போலன்னு விட்டுட்டாங்க.

முன்னூறு தட்டு அச்சாச்சு. ஒரே வாரத்துல எல்லாம் போச்சு. 'எவ்வளவு சுத்தமான பதிப்பு!'ன்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பாராட்டு. மாப்ள, நீயும்தானே எழுதியிருந்தே? தூசி தரையில நடக்கலை அந்த வாரம். அந்தம்மாவுக்கு நடையோட தனியாப் போடற தட்டு மட்டும் நாளைக்கு, நாளன்னிக்குன்னு தள்ளிக்கிட்டே போச்சு. நேர்ல போக முகமில்லை. பழைய தட்டையும் புதுசு ஒண்ணையும் கூரியர்ல அனுப்பிட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துது.

"தம்பி, புதுத் தட்டுல நடை இல்லையே."

"அது... உங்களுக்குத் தனியா வரும்மா. அதுவரைக்கும் பழசுலயே கேளுங்க."



"அதுலயும் இல்லை தம்பி. வெறும் இரைச்சல்தான் இருக்கு. அவன் எங்கே போனான்?"

ஊசி தேஞ்சிருக்கும், காது மந்தமாயிருக்கும், வயசாச்சு பாவம்... இப்படியெல்லாம் மனசைத் தேத்திக்கிட்டு, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்மான்னு போனை வெச்சார். அது செவ்வாய்க்கிழமை.

அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணி. வீட்டுல வேற ஏதோ ஒரு குழுவோட மறுபதிப்பைப் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தார். பக்கம் முடிஞ்சுது. ஊசி நடுவுக்குப் போய் சும்மா சுத்துது. எழுந்து எடுக்கப் போறார்...

டொக்... சரக்.

ஸ்பீக்கர்லேர்ந்து இல்லை. பிளேயருக்குப் பக்கத்துல, தரையிலேர்ந்து.

டொக்... சரக். டொக்... சரக். அவரைத் தாண்டி, சோபாவைத் தாண்டி, வாசக்கதவை நோக்கிப் போகுது.  எண்ணிட்டார் பாவம், பழக்க தோஷம். பதினொண்ணு. கதவுகிட்டப் போய் நின்னுச்சு.

கதவுச் சத்தம் வரலை.

அதே நேரம் அடுப்படியிலேர்ந்து அவர் சம்சாரம் குரல்: "யாருங்க வந்திருக்கறது? இடது காலை இழுத்து இழுத்து நடக்கறது?" அவங்க ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட், கை கால் விழுந்தவங்களை நடக்கப் பழக்கற வேலை. நடைச் சத்தத்தை வெச்சே ஆளை எடை போட்டுடுவாங்க. கையைத் துடைச்சிக்கிட்டே வெளிய வந்தாங்க, கூடத்துல யாரும் இல்லை. "சின்னப் பையன் நடை. இருபது, இருபத்தொண்ணுக்கு மேல இருக்காது. ஷூ நனைஞ்சிருக்கு..."ன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க புருஷன் முகத்தைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க.

கதவுகிட்ட அந்த வாடை. நனைஞ்ச கம்பளி, தலைக் கிரீம்.

தூசி எல்லாத்தையும் சொல்லிட்டார். அவங்க கத்தலை, ஓன்னு அழலை. அந்தக் கதவைக் காட்டிக் கேட்டாங்க: "நடையை வெட்டினீங்க சரி... கதவையும் வெட்டிட்டீங்களே. அந்தப் பிள்ளை எப்படிங்க வெளிய போகும்?"

போய்க் கதவைத் திறந்து விட்டாங்க. திறந்தே வெச்சாங்க, கொசு வந்ததுதான் மிச்சம். அந்த வாடை நின்ன இடத்துலயே நின்னுச்சு. இந்தக் கதவு அதுக்கு வேண்டிய கதவு இல்லை போல.

மறுநாளும் அப்படியே. எந்தத் தட்டைப் போட்டாலும் பக்கம் முடிஞ்சதும் பதினோரு அடி. படுக்கையறையில போட்டுப் பாத்தார். சின்ன ரூம், அதுக்கேத்த மாதிரி அடியும் சின்னதா வெச்சு, சரியாப் பதினொண்ணுல கதவுக்குப் போச்சு. தட்டே போடாம இருந்து பாத்தார். நடை இல்லை. ஆனா ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, வாசக்கதவுகிட்ட... உள்பக்கமா... யாரோ நிக்கறாங்கன்னு முதுகுக்குத் தெரியுது. 

வியாழக்கிழமை அந்தம்மா திரும்பவும் கூப்பிட்டாங்க. குரல் ரொம்ப இறங்கிப் போச்சு. "தம்பி, பாட்டெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. நடை மட்டும் குடுத்துடுங்க. ஏழு மணி ஆனா உக்கார முடியலை, நிக்க முடியலை..."

உங்க சின்னவன் என் வீட்டுலதான் நிக்கறான்மான்னு எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன்மான்னு மட்டும் சொல்லி வெச்சார்.

சம்சாரம் சொன்னாங்க: "இன்னிக்கே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க. அடுத்த வீட்டுப் பிள்ளையை நம்ம வீட்டுல நிறுத்தி வெச்சா நல்லா இருக்குமா? அங்க ஒரு ஜீவன் காத்துக்கிட்டிருக்கு."

"ஞாயித்துக்கிழமை போறேன்."

"ஏன், நாளைக்கு என்ன? நாளன்னிக்கு என்ன?"

நாளன்னிக்கு, சனிக்கிழமை, தட்டு சேக்கறவங்க கூட்டம். வருஷத்துக்கு ஒண்ணு. அதுல இவருக்குத் தனி மேஜை போட்டு, இவர் பதிப்பைப் பத்திப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க, அதுக்கு வெள்ளிக்கிழமை பூரா தயார் பண்ண வேண்டியிருந்தது. நானூறு தட்டு சேத்தும் கிடைக்காத மரியாதை. ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போவுதுன்னு நினைச்சிட்டார். இதை என்கிட்ட சொல்லும்போது அவர் ஒரு தடவை கூட என் பக்கம் திரும்பலை.

சனிக்கிழமை கூட்டத்துல பேசினார், கை தட்டினாங்க, மாலைக்குப் பதிலா ஒரு தட்டு குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு, வீட்டுல தன் மறுபதிப்பையே எடுத்து ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுல ஊசியை வெச்சார். கடைசிப் பாட்டு முடிஞ்சுது. பதினோரு அடி நடந்து கதவுகிட்ட நின்னுச்சு.

தூசி வாழ்க்கையில முதல் தடவையா அதோட பேசினார். "தம்பி... அக்காகிட்டப் போலாமா?"

வீட்டுக் கதவைத் திறந்தார். வெளிய போய்க் காரோட முன் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு மழையில நின்னார். ஒண்ணும் தெரியலை. சாத்திட்டுக் கிளம்பினார். தெருவெல்லாம் ஒரு சத்தம் இல்லை. வரலை போலன்னு நினைச்சார். ஏரிக்கரை ரோடு வந்துது. மணி ஏழு இருபது. டயர் கம்பெனி மதில் திரும்பற வளைவு...

டிங். டிங். டிங்.

அங்கேதான் நான் கதையை ஆரம்பிச்சேன். பெல்ட்டை மாட்டிவிட்டார்னு சொன்னேனே, ஏன் மாட்டினார்னு இப்போ தெரியுதா? அந்த ரோட்டுல அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை எதுவும் ஆயிடக் கூடாதுன்னு. அவருக்குப் பயம் இல்லாம இல்லை. ஆனா பயத்தை விடப் பரிதாபம் பெருசா இருந்ததுன்னார். பக்கத்துக் கண்ணாடியில உள்பக்கமா ஆவி படிஞ்சிருந்தது... உள்ளங்கை அகலத்துக்கு. ஒரு வாய் கிட்ட இருந்தா எவ்வளவு படியும், அவ்வளவு. விரிஞ்சு, சுருங்கி, விரிஞ்சு.

வீடு வந்துது. விளக்கு எரியுது, கதவு பாதி திறந்திருக்கு. தூசிக்கு அப்பாடான்னு இருந்துது. பெல்ட்டைக் கழட்டிவிட்டு, கதவைத் திறந்துவிட்டு, முன்னாடி நடந்தார். பின்னாடியே... டொக், சரக். டொக், சரக். ஈர மண்ணுல, ஆனா மரத்தரையில நடக்கற அதே சத்தம். வேகமா. வீட்டுக்கு வர்ற பிள்ளை நடக்கற வேகம்.

பதினோராவது அடி வாசப்படியில.

உள்ளேர்ந்து பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க வந்தாங்க, கையில துடைப்பம். "நீங்க கண்ணாடிக் கடைக்காரரா? நேத்துச் சாயங்காலம் போயிட்டாங்க. இன்னிக்கு மதியம் எல்லாம் முடிஞ்சுது. நாற்காலியிலயே உக்காந்தபடி... தட்டு சுத்திக்கிட்டே இருந்துது. மூணு நாளா, கதவைத் தாழ் போடாதீங்க, தாழ் போடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

நேத்து. ஏழு மணி. இவர் மேடையில பேசிக்கிட்டிருந்த நேரம்.

அந்தப் பக்கத்து வீட்டம்மா இவர் தோளுக்கு மேல எட்டிப் பாத்து, "கூட வந்த பிள்ளையையும் உள்ள வரச் சொல்லுங்க... பாவம், மழையில நிக்குதே"ன்னாங்க.

தூசி திரும்பிப் பாக்கலை. பாக்க முடியலை. அவருக்குப் பின்னாடி அந்த நடை திரும்புச்சு. இப்போ மெதுவா. டொக்... சரக். டொக்... சரக். பதினோரு அடி. அப்புறம் காருக்குள்ளேர்ந்து...

டிங். டிங். டிங்.

அந்த மழையில நின்னு, ஒரு பெரிய மனுஷன், குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதிருக்கார். ரெண்டே ரெண்டு நாள் தள்ளிப் போட்டதுக்கு. 

அதுலேர்ந்து அந்த முன் சீட்டுல யாரும் உக்காரறதில்லை. சம்சாரம் பின் சீட்டுலதான் வர்றாங்க. பெல்ட் எப்பவும் மாட்டியே இருக்கு. கோயில், குளம், அந்தம்மாவோட சமாதி... எங்கெல்லாமோ கூட்டிட்டுப் போய்ப் பாத்தார். இறங்கலை. இறங்கி எங்க போகும்? வாங்கின முன்னூறு பேருக்கும் தட்டைத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு கடிதம் எழுதினார். யார் குடுப்பா? திரும்பக் கேக்கறாருன்னு தெரிஞ்சதும் அவனவன் இன்னும் பத்திரமாப் பூட்டி வெச்சுட்டான். மாப்ள, உனக்கும் வந்திருக்குமே கடிதம். கிழிச்சுப் போட்டிருப்பே.

சரி. இன்னிக்கு நான் எப்படி வந்தேன்னு நீங்க யாரும் கேக்கலை. மழைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னேன், அவர் வண்டியை நிறுத்தினார். நான் முன் கதவைத் திறக்கப் போனேன். "பின்னாடி உக்காருங்க தம்பி"ன்னார். உக்காந்தேன். வழியெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னார். முன் சீட்டுல பெல்ட் மேடா நின்னுக்கிட்டே வந்துது. நான் பாத்தேன்.

உங்க வீட்டு வாசல்ல நிறுத்தினார். ஜன்னல் திறந்திருந்தது, உள்ள பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. எனக்கு எந்தப் பாட்டுன்னு தெரியலை. அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. ரெண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. நான் இறங்கினேன். பாட்டு முடிஞ்சுது.

கிளிக்.

பெல்ட் கழண்ட சத்தம். டிங், டிங்னு மணி ஆரம்பிச்சுது. அப்புறம் மணியும் நின்னுச்சு. தூசி அந்தக் காலி சீட்டைப் பாத்தார், உங்க ஜன்னலைப் பாத்தார், என்னைப் பாத்தார். அவர் முகத்துல ஒரு நிம்மதி, அதுக்குப் பின்னாடியே ஒரு வெக்கம். "மன்னிச்சுடுங்க தம்பி"ன்னார். அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கிட்டு ஒரே வேகமாப் போயிட்டார். எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்கறார்னு புரியாம நான் அங்கேயே வாசல் கேட் பக்கத்துல நின்னுட்டேன்.

மாப்ள, உன் வீட்டுக் கதவு அப்போ திறந்துதான் இருந்தது. நான் கேட் பக்கத்துலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என் கண்ணு முன்னாடி, கிரீச்சுன்னு நகர்ந்து, டப்புனு சாத்திக்கிச்சு. உள்ளேர்ந்து நீ, 'கதவை ஏன்டா இப்படி அறைஞ்சு சாத்தறே'ன்னு கத்தினே.

நான் அதுக்கப்புறம்தான் வந்து கதவைத் தட்டினேன். நீதானே எழுந்து வந்து திறந்துவிட்டே.